ஆறு மாதச் சிறைக்குப் பதில் என்ன கொடுக்கலாம்?

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். குற்றம் செய்தவருக்கு வயது 23. இரவில் மூடியிருந்த கடையின் பூட்டை உடைத்து, கல்லாவில் இருந்த பணத்தையும் இரண்டு கைப்பேசிகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கையில் ஆயுதம் இல்லை, யாரையும் அடிக்கவும் இல்லை. பிடிபட்டதும் ஒப்புக்கொண்டுவிட்டார். முன்பே ஒரு சின்னத் திருட்டில் மாட்டி எச்சரிக்கையோடு வெளியே வந்தவர். குடிப்பழக்கம் உண்டு. ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறார். மனைவி, ஒரு கைக்குழந்தை. இவர் நான் கற்பனை செய்துகொண்ட ஆள்தான். ஆனால் எந்த நாட்டின் கீழ் நீதிமன்றத்திலும் ஒரு காலைப் பொழுது போய் உட்கார்ந்தால் இவரைப் போல நாலைந்து பேரைப் பார்த்துவிடலாம்.

இவருக்கு என்ன தண்டனை கொடுப்பது? கொலை, வன்புணர்வு, கும்பல் வன்முறை போன்றவற்றை இங்கே நான் பேசப்போவதில்லை. அங்கே பிறரைக் காப்பாற்றவே ஒருவரை அடைத்துவைக்க வேண்டியிருக்கும், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. சிறையைப் பற்றிய பேச்சு எப்போதும் அந்தப் பெரிய குற்றங்களைச் சுற்றியே ஓடுகிறது. நீதிபதிகளோ அன்றாடம் இந்த 23 வயதுக்காரரைப் போன்றவர்களைத்தான் எதிரே பார்க்கிறார்கள். உண்மையான தேர்வு இருப்பது இங்கேதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிற தண்டனைகளிலேயே மிக மோசமானது குறுகிய காலச் சிறை. மூன்று மாதம், ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருடம். ஒருவரின் வேலையையும் வீட்டையும் பறிக்க அந்தக் காலம் போதும். ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்கவோ குடியை விடவைக்கவோ அது போதாது.

அந்த ஆறு மாதம் எப்படிக் கழியும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் வாரத்திலேயே வேலை போய்விடும். இரண்டாம் மாதம் வாடகை பாக்கி விழும். மனைவி குழந்தையோடு பெற்றோர் வீட்டுக்குப் போவார், அல்லது கடன் வாங்குவார். உள்ளே இருப்பவருக்கோ, பயிற்சி வகுப்புக்கான வரிசையில் பெயர் வருவதற்குள் விடுதலைத் தேதி வந்துவிடும். இதற்கிடையில் தன்னைவிடக் கைதேர்ந்த பத்துப் பேரின் பழக்கம் கிடைத்திருக்கும். வெளியே வரும்போது அவர் 'உள்ளே போய் வந்தவர்'. அந்தப் பெயரோடு அடுத்த வேலையைத் தேட வேண்டும். கடைக்காரருக்கு இதில் கிடைத்தது என்ன? ஆறு மாத நிம்மதி. அதற்குப் பிறகு, முன்பைவிட ஏழையாகவும் வேலையில்லாமலும் இருக்கும் அதே மனிதர் அதே தெருவில் நடப்பார்.

இது வெறும் இரக்கப் பேச்சு என்று நினைப்பவர்களுக்காகச் சில ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து நீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரே மாதிரியான பின்னணி கொண்ட குற்றவாளிகளை ஒப்பிட்டது. ஒரு வருடத்துக்குக் குறைவான சிறைக்குப் போனவர்கள், வெளியிலேயே தண்டனையை அனுபவித்தவர்களைவிடச் சுமார் 4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக மறுபடியும் குற்றம் செய்தார்கள். 2021-ல் 116 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் அதே திசையையே காட்டியது: சிறை மறுகுற்றத்தைக் குறைப்பதில்லை, சில நேரம் லேசாகக் கூட்டுகிறது. வித்தியாசம் பெரிதில்லையே என்று கேட்கலாம். சரி, பெரிதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இத்தனை செலவும், ஒரு குடும்பத்தின் இத்தனை இழப்பும் எதற்காக?

ஆனால் எல்லா ஆய்வும் இப்படிச் சொல்லவில்லை. மாறாகச் சொன்ன ஓர் ஆய்வுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

சிறைக்குப் போனவரையும் போகாதவரையும் நேரடியாக ஒப்பிட முடியாது. மோசமான குற்றம் செய்தவர்கள்தானே அதிகம் சிறைக்குப் போகிறார்கள்? இதற்குப் பொருளாதார ஆய்வாளர்கள் அழகான ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பல நீதிமன்றங்களில் எந்த வழக்கு எந்த நீதிபதிக்குப் போகும் என்பது கிட்டத்தட்ட குலுக்கல் சீட்டு மாதிரி. நீதிபதிகளில் சிலர் கண்டிப்பானவர்கள், சிலர் அவ்வளவு இல்லை. ஆகவே ஒரே தன்மையான இரண்டு பேரில் ஒருவர் சிறைக்குப் போவதும் மற்றவர் போகாததும் தற்செயலாகவே நடக்கிறது. அந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு இருவரின் பிற்கால வாழ்க்கையையும் ஒப்பிடலாம்.

நார்வேயில் இப்படிச் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், சிறைக்குப் போனவர்களிடம் மறுகுற்றம் குறைந்திருந்தது, அதுவும் பெரிய அளவில். காரணம் என்ன என்று கிளறிப் பார்த்தபோது, பலன் முழுவதும் முன்பு வேலையே இல்லாமல் இருந்தவர்களிடம்தான் தெரிந்தது. நார்வேச் சிறையில் அவர்களுக்குத் தொழிற்பயிற்சி கிடைத்தது, வெளியே வந்ததும் வேலையில் சேர்ந்தார்கள். முன்பே வேலையில் இருந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. இருந்த வேலையை இழந்ததுதான் மிச்சம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம் உள்ள ஹாரிஸ் கவுண்டியில் இதே முறையில் நடந்த ஆய்வோ நேர் எதிரான முடிவைத் தந்தது. சிறை அங்கே மறுகுற்றத்தைக் கூட்டியது, வேலைவாய்ப்பைக் குறைத்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரியும். சிறை பலன் தர வேண்டுமானால் நார்வேயில் இருப்பது போன்ற சிறை வேண்டும், உள்ளே போகிறவர் இழப்பதற்கு வெளியே வேலை எதுவும் இல்லாதவராக இருக்க வேண்டும். நம் 23 வயதுக்காரருக்கு வேலை இருக்கிறது. அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே நல்ல விஷயம் அதுதான். அவருக்கான தண்டனையைத் தேடும்போது நான் முதலில் கேட்பது, அந்த வேலை தப்புமா என்பதைத்தான்.

இனி மற்ற வழிகளைப் பார்க்கலாம்.

அபராதம் மிக எளியது, மலிவானது. பணக்காரருக்குத் தூசு, ஏழைக்குப் பாறை என்பதுதான் அதன் குறை. இந்தக் குறைக்குப் பின்லாந்து 1921-லேயே வழி கண்டது. குற்றத்தின் கடுமைக்கு ஏற்ப இத்தனை 'நாள்' என்று நீதிமன்றம் சொல்லும்; ஒரு நாளின் விலையை அவரவர் வருமானம் தீர்மானிக்கும். 2023-ல் பின்லாந்தின் ஆலண்ட் தீவில் 50 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் 82-ல் போன ஒரு தொழிலதிபருக்கு 1,21,000 யூரோ அபராதம் விழுந்தது. அதே தவறைச் செய்த கூலித் தொழிலாளிக்கு அதில் சிறு துளிதான் விழுந்திருக்கும், ஆனால் வலி இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும். ஜெர்மனி 1969-ல் ஆறு மாதத்துக்குக் குறைவான சிறையை மிக அபூர்வமான வழக்குகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் அபராதத்தைக் கொண்டுவந்தது. 1975-ல் பின்லாந்து போலவே நாள் கணக்கு அபராதத்துக்கு மாறியது. இவ்வளவு பெரிய தொழில் நாடு குறுகிய காலச் சிறையை ஏறக்குறைய கைவிட்ட பிறகும் ஒழுங்காகத்தான் இயங்குகிறது.

ஆனால் அபராதத்துக்குள் ஒரு பொறி இருக்கிறது. கட்ட முடியாவிட்டால் அதே சிறைதான். ஜெர்மனியிலும் டிக்கெட் இல்லாமல் ரயிலில் போனதற்கான அபராதத்தைக் கட்ட முடியாமல் உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு ஒரு நாள் அபராதத்துக்கு ஒரு நாள் சிறை என்றிருந்த கணக்கை 2024 பிப்ரவரியில் பாதியாக்கினார்கள். இரண்டு நாள் அபராதத்துக்கு ஒரு நாள் சிறை. பாதியானாலும் அது சிறைதான். நம் ஆளுக்கு அபராதம் மட்டும் விதித்தால், கைக்குழந்தையின் பால் காசில்தான் அது கழியும். அவரது குடியையும் அது தொடாது. ஆகவே அவருக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

தண்டனையை நிறுத்திவைப்பது இன்னொரு வழி. ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தால் போக வேண்டாம் என்பது. தலைக்கு மேல் தொங்கும் கத்தி சிலரை நேராக்கும். ஆனால் இங்கிலாந்தின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். 1967-ல் சட்டம் போட்டு இதைக் கொண்டுவந்தார்கள், சிறைக்குப் போகிறவர்களைக் குறைப்பதற்காக. நடந்தது வேறு. அபராதமோ கண்காணிப்போ போதும் என்றிருந்த வழக்குகளிலும் நீதிபதிகள் இதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். 'சிறைக்குப் போகப்போவதில்லையே' என்று மாதக் கணக்கையும் தாராளமாக எழுதினார்கள். அப்புறம் சின்னத் தவறு செய்தவர்களெல்லாம் நிறுத்திவைத்த தண்டனையையும் சேர்த்து அனுபவிக்க உள்ளே போனார்கள். சிறைக்கு மாற்றாக வந்தது சிறைக்கு இன்னொரு வாசலாகிவிட்டது.

இந்த ஆபத்து எல்லா மாற்று வழிகளுக்கும் உண்டு. மாற்றுத் தண்டனையை ஆதரிக்கும் நாம்தான் இதை உரக்கச் சொல்ல வேண்டும். குற்றவியலில் இதை வலை விரிவடைவது என்பார்கள். முன்பு எச்சரித்து அனுப்பப்பட்டவருக்கு இப்போது இருக்குமிடத்தைக் காட்டும் மின்னணுக் கணுக்கால் பட்டை கிடைக்கிறது, சிறைக்குப் போகிறவர் எப்போதும் போலப் போய்க்கொண்டே இருக்கிறார். அமெரிக்காவில் சிறையில் இருப்பவர்களைவிட நன்னடத்தைக் கண்காணிப்பில், அதாவது வெளியிலேயே ஓர் அலுவலரின் மேற்பார்வையில், இருப்பவர்கள் அதிகம். அப்படியும் அங்கே சிறைகள் காலியாகவில்லை. ஒரு மாற்று வழி நல்லதா என்று சோதிக்க ஒரே கேள்வி போதும்: இது இல்லாவிட்டால் இந்த மனிதர் சிறைக்குப் போயிருப்பாரா?

நன்னடத்தைக் கண்காணிப்பின் பிறப்பு அழகானது. 1841-ல் பாஸ்டன் நகரின் நீதிமன்றத்தில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணித் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். குடிபோதைக் குற்றத்துக்காக ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அகஸ்டஸ் எழுந்து, தானே ஜாமீன் கட்டி அவரை அழைத்துப்போனார். சில வாரம் கழித்து நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்தவரை அங்கிருந்தவர்களுக்கு அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு தெளிந்திருந்தார். 1859-ல் இறக்கும்வரை அகஸ்டஸ் இப்படி ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்குப் பொறுப்பேற்றார். ஒருவருக்கு வேலை தேடிக் கொடுத்தார், இன்னொருவருக்குத் தங்க இடம் பிடித்தார், திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். 1878-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது.

அவர் செய்ததில் உயிர்நாடி, நேரம் ஒதுக்கும் ஒரு மனிதர் இருந்தது. இன்று ஒரு நன்னடத்தை அலுவலரிடம் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளைக் கொடுத்துவிட்டால், மாதம் ஒருமுறை கையெழுத்து வாங்குவதோடு கண்காணிப்பு முடிந்துவிடும். அது திருத்தவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது. பிறகு ஏதாவது ஒன்று தவறிப்போனால், 'பார்த்தீர்களா, சிறைதான் சரி' என்பார்கள். ஒரு சிறை அறைக்குச் செலவிடுவதில் சிறு பங்கை ஓர் அலுவலரின் நேரத்துக்குக் கொடுக்காமல், அவரைக் குறை சொல்வது அநியாயம். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

சமூக சேவைத் தண்டனைக்கு இப்போது உலகம் முழுக்கப் பேச்சு. 1966-ல் கலிபோர்னியாவின் அலமேடா கவுண்டியில், போக்குவரத்து அபராதம் கட்ட முடியாத பெண்களுக்காகத் தொடங்கியது இது. இங்கிலாந்து 1973-ல் ஆறு பகுதிகளில் சோதித்துப் பார்த்தது. அங்கே இப்போது 40 முதல் 300 மணி நேரம் வரை கொடுக்கலாம். ஜிம்பாப்வே 1990-களில் இதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. அதைப் பார்த்த ஆப்பிரிக்க நாடுகள் 1997-ல் அங்குள்ள கடோமாவில் கூடி, தாங்களும் செய்வதாகப் பிரகடனம் வெளியிட்டன. பணக்கார நாடுகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் என்ற வாதம் அங்கேயே உடைந்துபோனது. இந்தியாவில் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டம், ஒருசில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் எத்தனை மணி நேரம் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் இல்லை. ஒரே குற்றத்துக்கு ஒரு நீதிபதி பத்து மணி நேரமும் இன்னொருவர் இருநூறு மணி நேரமும் கொடுக்க அது இடம் விடுகிறது.

என்ன வேலை கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஸ்காட்லாந்தில் 1990-களின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வு, தான் செய்த வேலைக்குப் பொருள் இருந்ததாக உணர்ந்தவர்கள் மறுபடி குற்றத்தில் சிக்குவது குறைவு என்று கண்டது. ஒரு முதியவரின் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடித்து, அவர் நன்றி சொல்லக் கேட்டவர் ஒருவிதமாகத் திரும்புகிறார். பலர் பார்க்கத் தெருவில் குப்பை பொறுக்கி அவமானப்பட்டவர் வேறுவிதமாகத் திரும்புகிறார். இங்கிலாந்தில் 2008 முதல் சமூக சேவை செய்பவர்களுக்குப் பளிச்சென்ற மேலங்கி மாட்டிவிட்டார்கள், தண்டனை ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. எனக்கு அது தவறாகப் படுகிறது. வேலை கண்ணுக்குத் தெரிந்தால் போதும், செய்பவரின் முகம் தெரிய வேண்டியதில்லை.

கணுக்கால் பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகெர்கி நகர நீதிபதி ஒருவர் முதலில் பயன்படுத்தினார். அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தில், விசாரணைக் காலத்தைச் சிறையில் கழித்தவர்களைவிடப் பட்டையோடு வீட்டில் கழித்தவர்கள் பிறகு குறைவாகவே குற்றம் செய்தார்கள் என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. சிறைக்குப் பதிலாக என்றால் நல்லது. தனியாக அது யாரையும் திருத்தாது, எங்கே இருக்கிறார் என்று மட்டும் சொல்லும். சில இடங்களில் பட்டைக்கான வாடகையைக் குற்றவாளியிடமே வசூலிக்கிறார்கள். அது வேறு பெயரில் வரும் அபராதம்.

போதைப்பொருள் வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றம் 1989-ல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கியது. அங்கே நீதிபதி தீர்ப்பு சொல்லிவிட்டு மறந்துவிடுவதில்லை. குற்றவாளி அடிக்கடி அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும், சிகிச்சை எப்படிப் போகிறது என்று சொல்ல வேண்டும். தவறி விழுந்தால் கண்டிப்பு, எழுந்து நடந்தால் பாராட்டு. குடியால் திருடியவருக்குக் குடியைத் தொடாத எந்தத் தண்டனையும் அரைகுறைதான்.

இவ்வளவு பேசியும் கடைக்காரரை மறந்துவிட்டோம் பாருங்கள். சிறை விவாதத்தில் எப்போதும் நடப்பது இதுதான். வழக்கு அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையே என்றாகிவிடுகிறது. பூட்டு உடைந்த கடையின் முன்னால் காலையில் வந்து நின்றவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. 1974-ல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் போதையில் 22 இடங்களைச் சேதப்படுத்தினார்கள். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அலுவலர், இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்தால் என்ன என்று கேட்டார். நீதிபதி ஒப்புக்கொண்டார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, 'நாங்கள்தான் செய்தோம்' என்று சொல்லி, நஷ்டத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், பிறகு ஈடுகட்டினார்கள். சீரமைப்பு நீதி என்று இன்று சொல்லப்படும் முறையின் தொடக்கங்களில் ஒன்று இது. நியூசிலாந்து 1989-ல் இளம் குற்றவாளிகளுக்கு இதைச் சட்டத்தின் நடுவிலேயே வைத்தது; குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே அறையில் கூடி முடிவெடுக்கும் ஏற்பாடு.

இதை இலகுவான தண்டனை என்று நினைப்பவர்கள், தான் திருடிய கடைக்காரரின் முகத்தைப் பார்த்து அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதை ஒரு நிமிடம் கற்பனை செய்து பார்க்கட்டும். சிறைக்குள் யாரும் அவரை இப்படி உட்காரவைக்க மாட்டார்கள். ஒரு நிபந்தனை: கடைக்காரர் மனதார விரும்ப வேண்டும். அவரை வற்புறுத்தி உட்காரவைப்பது இரண்டாவது முறை காயப்படுத்துவது. குடும்ப வன்முறை வழக்குகளில் இந்த முறையைக் கையில் எடுக்க நான் மிகவும் தயங்குவேன்.

மென்மையான தண்டனை குற்றத்தைப் பெருக்கிவிடாதா என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பின்லாந்தில் 1950 வாக்கில் ஒரு லட்சம் பேருக்கு 190 பேர் அளவில் சிறையில் இருந்தார்கள். 1990-களில் அது 60 அளவுக்கு இறங்கியது. அந்தக் காலம் முழுக்க அங்கே குற்றம் ஏறியதும் இறங்கியதும், சிறை எண்ணிக்கை பெரிதாக மாறாத பக்கத்து நார்டிக் நாடுகளைப் போலவே இருந்தது. தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயமே தடுக்கும் என்று இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா 1764-லேயே எழுதிவிட்டார். பிடிபடாத திருடருக்கு ஐந்து வருடமும் ஒன்றுதான், ஐம்பது வருடமும் ஒன்றுதான்.

சரி, நம் ஆளுக்கு வருவோம். தீர்ப்பு என் கையில் இருந்தால் நான் இப்படி எழுதுவேன். சிறை வேண்டாம். ஒன்றரை வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, முதல் மூன்று மாதம் வாரம் ஒரு சந்திப்பு. 150 மணி நேரச் சமூக சேவை, கிடங்கு வேலையைக் கெடுக்காமல் வார இறுதிகளில். குடிக்குக் கட்டாய மதிப்பீடும் சிகிச்சையும். கடைக்காரருக்குப் பணத்தையும் கைப்பேசிகளின் மதிப்பையும் தவணையில் திருப்பித் தர வேண்டும். அவர் சம்மதித்தால் ஒரு சந்திப்பும் உண்டு.

முதல் வாரம் வராமல் போனால்? அலுவலர் மறுநாளே அழைக்க வேண்டும். இரண்டாவது முறை தவறினால் நீதிபதி முன்னால் நிறுத்தி மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். ஒருமுறை தவறியதற்காக உடனே சிறைக்கு அனுப்பக் கூடாது. குடியிலிருந்து மீள்பவர் ஒருமுறையாவது சறுக்குவார் என்பது சிகிச்சை தருபவர்களுக்கெல்லாம் தெரியும். திரும்பத் திரும்ப வேண்டுமென்றே தவறினாலோ இன்னொரு கடையின் பூட்டை உடைத்தாலோ, அப்போது சிறையைப் பற்றிப் பேசலாம். அந்தச் சிறையில் ஒரு பயிற்சிக் கூடம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு.